சாரலில் நனைந்த கண்ணாடிப் பாலம்

ஒரு காட்டில், அருவிக்குக் குறுக்கே கண்ணாடிப் பாலம் கட்டினார்கள். அந்தக் காட்டில் நடக்க ஒழுங்கான பாதை கிடையாது. அதை யார் கேட்டது?

சாதாரணக் கண்ணாடியா அது? உருக்கிய உப்பில் ஊறவைத்து, மேல்தோல் இறுகிப்போன கண்ணாடி! அதைக் கொத்திப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற உத்தியோகம் சுடலைமுத்து என்ற மரங்கொத்திக்கு. கூட்டில் நாலு குஞ்சுகள். அந்த வேலை போனால் குடும்பமே பட்டினி.

காய்ந்த கண்ணாடியை நூறு கொத்து கொத்தினான். அசையவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். அலகு சும்மா இருக்காமல், ஒரு மாதமாகச் சாரலில் கிடந்த துண்டையும் கொத்திப் பார்த்தான். முப்பதாவது கொத்தில் படாரென்று போய்விட்டது. அடக் கடவுளே! பொறியாளர் கரடியிடம் பறந்தான்.

“ஐயா, கண்ணாடி மேல கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கு. தண்ணி அதுக்குள்ள புகுந்து கீறலை வளர்க்குது. நனைஞ்ச கண்ணாடிக்குப் பலம் குறையுதுய்யா!”

கரடி படிவத்தைப் புரட்டியது. “இதுல ‘காய்ந்த நிலை’ன்னு ஒரு கட்டம்தான் இருக்கு. ஈரத்துக்குக் கட்டம் எங்க?”

“பாலமே அருவிக்கு மேலதானய்யா இருக்கு!”

“அப்ப துடைச்சிட்டுக் கொத்து. நாலு குஞ்சு வச்சிருக்க, பார்த்துப் பிழைச்சுக்க.”

சுடலைமுத்துவுக்குக் கோபம் கொண்டை வரை ஏறியது. துடைத்தால் ஈரம் போகும், வளர்ந்த கீறல் போகுமா? “உடைஞ்சிரும்” என்று படிவத்தின் ஓரத்தில் எழுதி, கையெழுத்துப் போடாமல் நீட்டிவிட்டான்.

கையெழுத்து இல்லாததை யார் பார்த்தது? திறப்பு விழாவுக்குச் சிங்கராசா வந்தார். மங்கலமாக இருக்கட்டும் என்று குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றிப் பாலத்தைக் கழுவினார்கள். கழுவினதோடு விட்டார்களா? நட்டநடுக் கண்ணாடியில் ராசா ஓங்கிச் சிதறுதேங்காய் அடித்தார்.

தேங்காய் உடையவில்லை. ராசாவும் பக்கத்தில் நின்ற கரடியும் தொபுக்கடீரென்று தண்ணீரில் விழுந்தார்கள்.

விசாரணைக் குழுவுக்குக் கரடிதான் தலைவர். தண்ணீர்மேல் குற்றமில்லை, தேங்காய்மேலும் குற்றமில்லை. உடையும் என்று எழுதினது யார்? சுடலைமுத்து! கருநாக்குக்காரன், அவன் வாய் வைத்ததால்தான் உடைந்தது என்று அன்றைக்கே வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். குஞ்சுகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடியே கூட்டுக்குப் பறந்தான் பாவம்.

இப்போது புதுப் பாலம் தயார். அதே கண்ணாடி. சான்றிதழ் கொடுக்கக் கிளியை வைத்திருக்கிறார்கள், அதற்கு “நல்லாருக்கு” என்ற ஒரு சொல்தான் தெரியும். கருநாக்கு பலிக்காமல் இருக்க, இந்தத் தடவை பெரிய பூசணிக்காயாகப் பார்த்து உடைக்கப் போகிறார்களாம். பாலத்தின் நடுவில்தான்.

நீதி: சான்றிதழில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு, பாலத்தில் மட்டும் கால் வைக்காதே.