குரங்குக்கு முடி, எனக்குக் கட்டை

பொறாமைக்காரர்கள் பெரும்பாலும் மனிதர்களைப் பார்த்துத்தான் பொறாமைப்படுவார்கள். நான் ஒரு குரங்கைப் பார்த்து வயிறெரிந்தவள்.

இரண்டாயிரத்துகளின் நடுவில் நானும் செல்வியும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவிகள். அவளுக்கு அழிந்துவரும் சிங்கவால் குரங்கு. எனக்கு மலைக்காட்டில் பட்டமரத்தில் முளைக்கும், பெயர்கூட வைக்கப்படாத ஒரு சாம்பல் நிறக் காளான். குரங்கு என்றதும் ஊரே "ஐயோ பாவம்" என்றது. காளான் என்றதும், "குழம்பு வைக்கலாமா?" என்றது (எங்கள் அம்மாவும் அதில் சேர்த்தி).

அடுத்த வருடம் காட்டுக்குள் போக ஒருவருக்குத்தான் அனுமதி. அதை முடிவு செய்யும் வன அதிகாரிதான், எங்கள் துறை அச்சடிக்கும் புத்தாண்டுக் காலண்டரை வெளியிடப் போகிறவர். அதில் இடப்பக்கம் குரங்கு, வலப்பக்கம் காளான். மழை பொய்த்த வருடம். என்னிடம் தேறியது ஒரே ஒரு படம்.

சிவகாசி அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படம் திருத்துகிற மாரிமுத்து அண்ணனிடம் அதிகாரமாகச் சொன்னேன்: "குரங்குக்கு முன்னாடி என் படம் மங்கலாத் தெரியக் கூடாதுண்ணே. அழுக்கில்லாம பளிச்சுன்னு வரணும்." குரங்குப் படம் ஒரு விரல் அகலம் பெரிதாக இருந்ததால் கோபித்துக்கொண்டு, புரூஃப் பார்க்கவும் நான் போகவில்லை.

மேடையில் காலண்டரை விரித்தார்கள். குரங்கின் பிடரியில் முடியை எண்ணலாம். என் பக்கத்தில் வழவழவென்று ஒரு மரக்கட்டை. கீழே கொட்டை எழுத்தில், 'யாரும் அறியாத காளான்'.

அதிகாரி உற்றுப் பார்த்துவிட்டு, "கட்டை நல்லா இருக்கே, தேக்கா?" என்றார். அனுமதி செல்விக்குப் போனது.

அச்சகத்துக்கு ஓடினேன். "என்னண்ணே பண்ணி வச்சிருக்கீக?"

"மரம் பூராம் பூசணம் பிடிச்சிருந்துச்சு தங்கச்சி. சீசன் ஆர்டரையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு, ஒரு நா முழுக்க உக்காந்து தொடச்சேன். எம்புட்டு வேலை தெரியுமா?"

பெருமையாகத்தான் சொன்னார். என் காளானை ஒரு நாள் முழுக்க உற்றுப் பார்த்த ஒரே ஆள் அவர்தான் (பேராசிரியரையும் சேர்த்தே சொல்கிறேன்).

செல்வி முனைவர் ஆனாள். நான் விருதுநகரில் அத்தாவின் வத்தல் கடையில் உட்கார்ந்தேன். அந்தக் காலண்டர் வருடம் முழுக்க ஊரெல்லாம் தொங்கியது. காளான் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது ஈரத்துணியை எடுத்தால் போதும், தம்பி கத்துவான்: "பாத்துத் தொடைங்க, அங்கன அக்கா படிப்பு ஒட்டிக்கிட்டு இருக்கப் போகுது!"