எதாச்சு அண்ணன் விமானத்தைக் கிழித்த கதை

மலாயாவில் பிழைக்க வந்த தமிழர்களில் 'ஆச்சு' என்ற சொல்லைக் கேட்டு நடுங்கிய ஒரே மனிதர் எங்கள் எதாச்சு அண்ணன்தான். பாம்பு, புலி, வெள்ளைக்கார துரை என்று எதற்கும் அசையாதவர். யாராவது 'ஆச்சு' என்று சொல்லிவிட்டால் மட்டும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து, "எது ஆச்சு?" என்று முன்னால் நிற்பார். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

முப்பதுகளில் குளுவாங்குக்குப் பக்கத்தில் ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளி ஒரு விமானத் திடல் போட்டிருந்தார்கள். அதில் ஒரு குட்டிக் கம்பெனி, இரண்டே விமானம். இரண்டும் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை. தபால் மூட்டைகளைச் சிங்கப்பூர்க் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். பழுது பார்க்கும் கொட்டகையில் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை என் ஷிப்டு, அதற்குமேல் என் வேலையைத் தொடரும் மாரியப்பன் ஷிப்டு. எதாச்சு அண்ணன் இரண்டாவது ஷிப்டில் எஞ்சின் பிட்டர். தினமும் இரண்டரைக்கு விமானம் கிளம்பியாக வேண்டும். தவறினால் கப்பல் போய்விடும், மூன்றரைக்கு மழை கொட்டும். அதற்கு முன்பே மானேஜர் துரை கொட்டித் தீர்த்துவிடுவார்.

கோப்பிக் கடையில் அண்ணனிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. புதிதாக வந்த கடைக்காரர் ஒருநாள் தெரியாத்தனமாக, "பசியாறியாச்சா அண்ணே?" என்று கேட்டுவிட்டார்.

"எது ஆச்சு? ரொட்டி ஆச்சு. கோப்பி பாதிதான் ஆச்சு. மொத்தமா ஆச்சுன்னு சொன்னா நீ கிளாஸத் தூக்கிட்டுப் போயிருவ."

இதாவது பரவாயில்லை. அவர் கல்யாணத்தில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். தாலி ஏறியதும் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லபடியா ஆச்சு" என்றார். மாப்பிள்ளை கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார். "எது ஆச்சு மாமா? மொத முடிச்சுதான் நான் போட்டது. மத்த ரெண்டும் எங்கக்கா போட்டது. அத நான் இன்னும் பாக்கல." சொன்னவர் பெண்ணின் பின்னங்கழுத்துக்குக் குனிந்து முடிச்சை ஒரு இழு இழுத்தார். அந்தப் பெண் போட்ட சத்தம் பக்கத்து மலாய்க் கம்பத்து வீடுகள் வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகும் அவரோடு குடித்தனம் நடத்தினாள் என்பதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

நாங்களெல்லாம் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தவன்.

ஒருநாள் மதியம் நான் விமானத்தின் வால் துணியை அவிழ்த்து உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தேன். சுக்கானை இழுக்கிற கம்பி அறுந்து புதுசு மாட்டும் வேலை. கம்பியைப் பிடிக்கிற போல்ட்டில் நட்டைப் போட்டு ஸ்பானரால் முடுக்கி, அது கழலாமலிருக்க ஒரு பின்னைச் செருகி வளைக்க வேண்டும். நட்டை விரலால் சுற்றி வைத்தேன். ஸ்பானரைத் தேடும்போது இரண்டு மணி அடித்தது. எட்டு மணி நேரமாக நின்ற கால் அதற்குமேல் நிற்கவில்லை. எதிரே வந்த மாரியப்பனிடம் "ஆச்சுப்பா" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டேன்.

இரண்டரைக்கு எஞ்சின் உறுமியது. நானும் மாரியப்பனும் குழாயடியில் நின்றோம். எதாச்சு அண்ணன் எஞ்சினைக் கிளப்பிவிட்டு எங்களிடம் வந்தார்.

"அந்த வால் வேல?"

"மாரிகிட்ட ஆச்சுன்னு சொல்லிட்டேண்ணே."

"எது ஆச்சு?"

"மணி ரெண்டாச்சுன்னு..." சொல்லும்போதே ஸ்பானர் படாத அந்த நட்டு நினைவுக்கு வந்தது.

"அலமாக்" என்று மலாய்க்காரர்கள் மாதிரிப் பதறினான் மாரியப்பன். "வேலதான் ஆச்சுன்னு நான் வால் துணிய இழுத்துக் கட்டிட்டேனே."

அண்ணன் ஓடினார். வேட்டி அவிழ்ந்து விழுந்தது. உள்ளே போட்டிருந்த காக்கி அரைக்கால் சட்டையோடு ஓடினார். எஞ்சின் சத்தத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? உருளத் தொடங்கிய விமானத்தின் வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, புகையிலை வெட்டும் கத்தியால் அந்தத் துணியைச் சர்ரென்று ஒரு முழத்துக்குக் கிழித்தார். வால் கனப்பதை உணர்ந்து விமானி எஞ்சினை நிறுத்தினார்.

துரை பாய்ந்து வந்தார். அண்ணன் கிழிசலுக்குள் கையை விட்டு, இரண்டே விரலால் நட்டைச் சுழற்றி எடுத்துத் துரையின் உள்ளங்கையில் வைத்தார். சின்னப் பையன் மாதிரி இருந்த அந்த வெள்ளைக்கார விமானி அதைப் பார்த்துவிட்டுப் புல்தரையில் உட்கார்ந்துவிட்டான். இன்னும் ஐந்து நிமிஷத்தில் அவன் ரப்பர் மரங்களுக்கு மேலே இருந்திருப்பான்.

தபால் போகவில்லை, கப்பல் போய்விட்டது. கேட்காமல் விமானத்தைக் கிழித்ததற்காக அண்ணனுக்கு ஒரு மாதம் திடலில் லாலான் புல் வெட்டும் தண்டனை கிடைத்தது. "நட்டை இப்படி விட்டவன் யார்? அவனுக்கு இன்றோடு சீட்டுக் கிழிந்தது" என்று துரை மலாயில் கத்தினார்.

"தெரியாது துவான்" என்றார் அண்ணன். அரைக் கிளாஸ் கோப்பிக்குக் கணக்குச் சொன்ன மனுஷர் எனக்காக வாய்கூசாமல் பொய் சொன்னார். நட்டைப் பார்த்ததைவிட அதுதான் என்னை உலுக்கியது.

"அண்ணே, நான்தான்னு சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்றது அப்பறம். மொதல்ல போயி ஸ்பானர எடுத்து அந்த வேலையப் பாரு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

முடுக்கினேன். பின்னைச் செருகி வளைத்தேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்துத் தலையசைத்த பிறகு நேராகத் துரையிடம் போய், "விட்டது நான்தான் துவான்" என்றேன். துரத்துவார் என்றுதான் நினைத்தேன். கோபத்தில் சொன்னது மறந்ததோ, இரக்கம் வந்ததோ, எனக்கும் ஒரு அரிவாளைக் கொடுக்கச் சொன்னார்.

ஒரு மாதம் இருவரும் வெயிலில் புல் வெட்டினோம். நான் வெட்டிய இடத்தையெல்லாம் அவர் திரும்பக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு நான் எத்தனையோ இடத்தில் வேலை பார்த்துவிட்டேன். அந்த மாதத்தைப் போல நிம்மதியாக எங்கேயும் இருந்ததில்லை.