சலூனில் இரண்டு வெந்நீர்த் தொட்டிகள்

"அப்பா, உன் கடைக்கு வர்றவங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. நீ மட்டும் ஏன் நிக்கிறே? என்ன தப்பு பண்ணினே?"

பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் மகள் கேட்ட கேள்வி. அன்று சலூன்காரர் சிரித்துவிட்டார். இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். அதே கேள்வியை அவருடைய குதிகால்கள் கேட்கத் தொடங்கிவிட்டன.

"தினமும் சாயங்காலம் இளஞ்சூட்டு வெந்நீர்ல கால வச்சுக்கிட்டு இருங்க. வலி குறையும்" என்றார் டாக்டர்.

"சாயங்காலம்தான் சார் கடையில கூட்டம்."

"அப்ப கடைய மூடுங்க. இல்லன்னா உங்க காலே மூட வச்சிடும்."

கடையை மூடினால் வீட்டில் அடுப்பையும் மூட வேண்டும். ஆகவே வெந்நீரே கடைக்கு வந்தது. சலூன்காரர் நாற்காலிக்குப் பின்னால் தொட்டியை வைத்து, கடவுளை நினைத்துக்கொண்டு இறங்கினார். ஆஹா! வலி ஐஸ்கட்டி போலக் கரைந்தது.

ஆனால் தலைக்கு நாலு பக்கம் உண்டே! தொட்டியில் நிற்பவர் சுற்றி வர முடியாது. அதனால் நாற்காலியைச் சுழற்றினார். அதில் உட்கார்ந்திருந்த மளிகைக்காரரின் முட்டி கண்ணாடி மேசையில் போய் இடித்தது.

"ஏய்யா, இது சலூனா, ராட்டினமா?"

மறுநாள் இந்தப் பக்கம் ஒரு தொட்டி, அந்தப் பக்கம் ஒரு தொட்டி. இதிலிருந்து அதற்குத் தாவினார். தரையெல்லாம் தண்ணீர். வெந்நீர் கொண்டுவந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க, உங்க காலுக்கு மீசை முளைச்சிருக்கு!"

வெட்டிய முடியெல்லாம் ஈரக்காலில் ஒட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த பேங்க் மேனேஜர் வழுக்கி, காத்திருந்தவர் மடியில் உட்கார்ந்தார்.

அதற்கும் வழி கண்டார். பெரிய நாற்காலியில் தானே உட்கார்ந்து காலைத் தொட்டியில் வைத்துக்கொண்டு, வருகிறவரை முன்னால் குட்டை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"நான் கீழயா?" என்று மேனேஜர் பாதி வெட்டிய முடியோடு எழுந்து போனார். அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

"காலுக்கு வைத்தியம் பாத்தோம், கடைக்கு நோய் வந்துடுச்சே" என்றாள் மனைவி.

அப்போதுதான் ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார். வயலுக்கு வரப்புக் கட்டினாற்போலக் காதோரம் மட்டும் முடி. குட்டை ஸ்டூலில் அமர்ந்தவர் இரண்டாவது தொட்டியைப் பார்த்தார். "அதுல நானும் கொஞ்சம் கால வச்சுக்கட்டுமா தம்பி? தெருத்தெருவா நடந்த காலு. குதிகால் உயிர் போகுது."

வைத்தார். "அம்மாடி! சொர்க்கம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

"என்னண்ணே ஆச்சு?"

"தலைக்குக் கத்திரி, காலுக்கு வெந்நீர்! வேற எந்தக் கடையில கிடைக்குது?"

தபால்காரர் சொன்ன செய்தி போய்ச் சேராத வீடு உண்டா? அவர் தினமும் வந்தார், தினமும் முனகினார். மளிகைக்காரர் திரும்பி வந்தார். மேனேஜரும் பேண்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, முணுமுணுக்காமல் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார். கடை நிறைந்தது; சலூன்காரருக்குக் குதிகால் வலியும் குறைந்தது. கடவுள் எப்போதும் தானே வருவதில்லை. சில சமயம் ஓய்வுபெற்ற யாரையாவது அனுப்பி வைக்கிறார்.

ஒரு வாரம் தபால்காரரைக் காணோம். வலி முற்றிவிட்டதோ என்று பதறிய சலூன்காரர், கல்லுப்புப் பொட்டலத்தோடு அவர் வீட்டுக்குப் போனார். தபால்காரரின் மனைவிதான் கதவைத் திறந்தார்.

"சலூன் தம்பியா? வாங்க, வாங்க. போன வருஷம் அவரு ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, புதராட்டம் தாடியோட யாரையும் பாக்க மாட்டேன்னு இருந்தாரு. நீங்களாவே வந்து மழிச்சு விட்டீங்களே! 'அந்தப் பிள்ளைக்கு எப்படித் திருப்பிச் செய்யப் போறேன்'னு இன்னும் சொல்லிக்கிட்டிருக்காரு."

"அதெல்லாம் ஒரு விஷயமாம்மா? இந்தாங்க உப்பு. வெந்நீர்ல போட்டு அவரு குதிகால ஊற வைக்கச் சொல்லுங்க. ரொம்ப வலின்னாரு."

"குதிகால் வலியா? அவருக்கா?" அந்த அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். "பெரியவங்களுக்கான ஓட்டப் பந்தயத்துல ஓடத்தானே தம்பி வெளியூர் போயிருக்காரு!"