றொக்சனுக்காகக் கொடுத்த இரண்டு பூசைகள்

ரொக்ஸ்பரோ, மொன்றியல்.
19.04.2005

ரொறொன்ரோவில் மாதாவின் காவலில் நலமாயிருக்கும் செபமாலை அத்தானுக்கும் அக்காவுக்கும், இங்கே நலம் என்று எழுத மனம் வராத யோசெப் எழுதிக்கொள்வது.

அத்தான், உங்கள் மருமகன், என்ரை மகன் றொக்சன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகப் போகிறானாம். பஸ்ஸில் போய்வரக்கூடிய பல்கலைக்கழகங்கள் இங்கே இருக்க, அற்லாண்டாவில் இருக்கிற, கறுப்பின ஆண்களுக்கென்று தொடங்கிய ஒரு கல்லூரிதான் வேண்டுமாம், அதிலும் வரலாறாம், டொக்டருமில்லை எஞ்சினியருமில்லை. ஆண்கள் மட்டும் என்றதும் எனக்கு ஒரு நிம்மதிதான், விசாரித்தால் பக்கத்திலேயே பெண்கள் கல்லூரியாம். கறுப்பின ஆக்களின்ரை கல்லூரியில் உனக்கு என்னடா அலுவல் என்று கேட்டேன். எல்லா இனத்தாரையும் சேர்ப்பார்களாம். அடிமைகளாயிருந்த சனம் விடுதலையாகி இரண்டாம் வருடமே, 1867இல், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தொடங்கியதாம். அதுவும் பப்ரிஸ்ற் சபை அத்தான், எங்கடை கத்தோலிக்க சபைகூட இல்லை.

"எழுதப் படிக்க விடாமல் வைச்சிருந்த சனம் அப்பா. தங்கடை வரலாற்றைத் தாங்களே எழுதப் பழகினவை. எங்கடையை ஆர் எழுதுறது?" என்கிறான்.

கல்லூரி இடம் குடுத்திட்டுது, வாறதோ இல்லையோ என்று மே முதலாம் திகதிக்குள் பதில் போடவேண்டும். நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் பங்குச் சுவாமியிடம் போய், மகன் வீட்டோடு இருக்கவேண்டும் என்று கருத்தெழுதி ஒரு பூசைக்குக் காசு கொடுத்தேன். என் மனுசி கத்தரின் எனக்குச் சொல்லாமல் போய், மகன் அற்லாண்டா போய்ச்சேர ஒரு பூசைக்குக் கொடுத்திருக்கிறாள். சுவாமி புதுசு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு கருத்தையும் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பேர்களோடு வாசித்துப்போட்டார். கோயிலே திரும்பிப் பார்க்குது. கடைசி வாங்கில் எங்கடை ஊர் அருமைராசா இருமுகிற சாட்டில் சிரிக்கிறான். றொக்சன் குனிந்த தலை நிமிரவில்லை. அன்று தொட்டு அவன் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கிறதில்லை, கத்தரின் சோற்றை மேசையில் வைச்சிட்டு அங்காலை போறாள். அங்கே துவக்குச்சூடு, சாப்பாடு ஒத்துவராது என்று ஆயிரம் சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். உண்மையில் பயம் ஒன்றுதான் அத்தான், போனால் திரும்பி வரமாட்டான். நானும் யாழ்ப்பாணத்திலிருந்து கொஞ்சநாளைக்கு என்றுதான் வெளிக்கிட்டேன்.

ஆகவே வாற சனிக்கிழமை கட்டாயம் வந்து அவனை மறிச்சுக் கதையுங்கோ. உங்கள் சொல்லைத் தட்டமாட்டான். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் குறைவில்லாத சுகம் தரட்டும்.

இப்படிக்கு,
நித்திரையில்லாத மைத்துனன்
யோசெப்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போக றொக்சன் வந்து பக்கத்தில் இருந்தான். "வரேல்லை எண்டு கல்லூரிக்கு அறிவிச்சிட்டன் அப்பா. நீங்கள் இனிப் பூசைக்குக் குடுக்க வேண்டாம்" என்றான். கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அவன்ரை முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடக்கு. சனி மட்டும் பொறுக்க வேண்டாம் அத்தான், இது கிடைச்ச உடனே வாங்கோ. வந்து அவனைப் போகச் சொல்லிக் கதையுங்கோ. போ என்று நான் சொன்னால் நம்புறானில்லை.