தொண்ணூற்று நாலு வீத மாப்பிள்ளை

வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடிக்குப் பிரபஞ்சம் குடிவந்து அப்போது மூன்று மாதமாகியிருந்தது. வாடகை கட்டியவர் ஒன்டாலஜி சித்தர் சிவமணி.

நம்பாதவர்கள் கொழும்புக் காலி வீதியில் நின்று பதாகையைப் பார்த்திருக்கலாம். ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் கொம்பியூட்டர், நடுவில் சித்தர். காவி வேட்டி, அதற்கு மேல் கோட்டு. “உள்ளது எல்லாம் அறியும் ஒன்டாலஜி! திருமணப் பொருத்தம் ஒரே நிமிடத்தில்!” பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சொன்னால் சந்தேகப்படுவோம். லப்டொப்பைத் தட்டிச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்போம். படித்த சனம் அல்லவா!

அந்த ஞாயிறு காலை வரிசை பஸ் தரிப்பிடம் வரை நீண்டிருந்தது. கொட்டாஞ்சேனை மெற்றில்டா தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு வந்திருந்தார்.

“நீங்கள் வேதக்காரர் எல்லோ, உங்களுக்கும் சாதகமோ?” என்றார் முன்னால் நின்றவர்.

“ஐயோ, சாதகம் பாக்கிறது பாவம். இது கொம்பியூட்டர் தானே!”

முன்னால் நின்றவர் நவரத்தினம். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். முப்பது வருடம் பிள்ளைகளிடம் ‘நிறுவு, நிறுவு’ என்று கத்தியவர். அவருடைய இளைய மகள் மிதுனாவுக்கும் கார்த்திகனுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபமும் எடுத்தாயிற்று. ‘எதுக்கும் ஒருக்காப் பாப்பம்’ என்று நவரத்தினம் மாஸ்டர் போன கிழமை சித்தரிடம் வந்திருந்தார். மெசின் நூற்றுக்கு முப்பத்தொரு வீதப் பொருத்தம் என்றது. கட்டினால் மாமனாரின் உயிருக்கு ஆகாது என்று சித்தர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மாமனார் என்றால் நவரத்தினம்தான். கல்யாணம் அன்றோடு நின்றது. கையோடு சித்தர் தன் பதிவேட்டிலிருந்து ஒரு ரொறன்ரோ மாப்பிள்ளையை எடுத்து நீட்டினார். தொண்ணூற்றைந்து வீதம்! மிதுனா ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மூத்தவள் சாம்பவிக்கு அந்த ‘ஒன்டாலஜி’ என்ற சொல்தான் எரிச்சல். அது அவள் பார்க்கும் வேலை. உலகத்தில் என்னென்ன இருக்கின்றன, எது எந்த இனம், எது எதுவாக இருக்கவே முடியாது என்று வைத்தியசாலைக் கொம்பியூட்டர்களுக்கு எழுதிக் கொடுப்பது. நோயாளி மனிதர், கட்டில் மனிதர் அல்ல. இதைக்கூட ஒருவர் எழுதிக் கொடுக்காவிட்டால் மெசினுக்குத் தெரியாது. எழுத மறந்த ஓரிடத்தில் பதினாலாம் இலக்கக் கட்டிலுக்குப் பிரசவத் திகதி கொடுத்திருந்ததாம்.

சித்தரின் படிவத்தை அவள் வாசித்தாள். மாஸ்டர் வாசிக்கவில்லை. பெயர், பிறந்த திகதி, நேரம், இடம். கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: ‘எங்கள் பதிவில் உள்ளவர்.’ அவ்வளவுதான்.

“அப்பா, மிதுனாவுக்கு என்னட்டையும் ஒரு வரன் இருக்கு. காசு கட்டிப் பதிஞ்சும் போட்டன். ஞாயிற்றுக்கிழமை சித்தரின்ர சபையில வைச்சுப் பாப்பம்” என்று சொல்லித்தான் அவரைக் கூட்டி வந்திருந்தாள்.

சபை நிரம்பியது. சுவரில் பெரிய திரை. சித்தர் தட்டினார்.

“உதயணன். இருபத்தொன்பது வயசு. ஆகா! தொண்ணூற்று நாலு வீதம்!”

கைதட்டல். மாஸ்டரின் முகத்தில் உயிர் வந்தது. மிதுனா அக்காவை முறைத்தாள்.

“குணத்தையும் சொல்லுங்கோ ஐயா” என்றாள் சாம்பவி.

“பொறுமைசாலி. எத்தினை பேரின்ர பாரத்தையும் தாங்குவார். எடுத்த காரியத்தில இடையில நிக்க மாட்டார்.”

“கணக்குப் பிழைக்காதோ?”

“பிரபஞ்சம் பிழைக்குமோ பிள்ளை?”

“பெடியன் எந்த இடம்?” மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

“எங்கட தொடர்மாடி பிளட்ஸ்தான் அப்பா. உங்களுக்குத் தெரிஞ்ச ஆள். பிறக்கேக்க நீங்கள்தான் தேங்காய் உடைச்சனீங்கள். நேரமும் உங்கட குடியிருப்பாளர் சங்கக் கொப்பியில இருந்துதான் எடுத்தனான்.”

“நான் ஆருக்கடி தேங்காய் உடைச்சன்?”

“லிப்டுக்கு.”

மூலையில் இருந்த அந்தத் தொடர்மாடிக்காரர்கள் சிரிப்பில் வெடித்தார்கள். “இடையில நிக்காதாமோ! போன செவ்வாய் ரெண்டாம் மாடிக்கும் மூண்டாம் மாடிக்கும் நடுவில ஒரு மணித்தியாலம் நிண்டனாங்கள்!”

சித்தர் அசரவில்லை. “சடப்பொருளிலும் சீவன் உண்டு அம்மா.”

“அப்ப லிப்டுக்குப் பொம்பிளை குடுப்பீரோ?” என்றார் மெற்றில்டா.

சாம்பவி அதற்குள் மேடையேறி லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பிவிட்டாள். “இன்னும் ஒண்டு. கார்த்திகன்ர அதே திகதி, அதே நேரம், அதே இடம். முப்பத்தொண்டு வந்ததுதானே? நான் இந்தப் ‘பதிவில் உள்ளவர்’ கட்டத்தில மட்டும் ஒரு சரி போடுறன்.”

சித்தர் லப்டொப்பை மூடக் கை நீட்டுவதற்குள் திரையில் விழுந்தது: தொண்ணூற்று மூன்று வீதம்.

“பாத்தீங்களே? இந்த மெசினுக்கு உலகத்தில ரெண்டே இனம்தான். சித்தருக்குக் காசு கட்டினது, கட்டாதது. மனிசனோ லிப்டோ எண்டு அது கேக்கவே இல்லை. நீங்களும் கேக்கேல்லை.”

மாஸ்டர் மெல்ல எழுந்தார். குரல் கரும்பலகைக் காலத்துக் குரல். “மாமனாருக்கு ஆகாது எண்டனீர். இந்தச் சரி விழுந்த உடன நான் தப்பிட்டனோ? எந்தப் படியால வந்தது இந்த விடை? நிறுவும் பாப்பம்!”

சித்தர் நிறுவவில்லை. காவியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்படியால் இறங்கினார். “நான் கட்டின சல்லியத் தந்திட்டுப் போ மனிசா!” என்று மெற்றில்டா துரத்தினார்.

“மிதுனா, கார்த்திகனுக்குப் போன் எடு” என்றார் மாஸ்டர், யார் முகத்தையும் பாராமல். “மண்டபத்தை விடவேண்டாம் எண்டு சொல்லு.”

மிதுனா எப்போதோ எடுத்துவிட்டாள். பேசத்தான் முடியவில்லை, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில்.

பதாகையை இறக்கிவிட்டார்கள். ஆணிகள் இன்னும் சுவரில் இருக்கின்றன, அடுத்த சித்தருக்காக. லிப்டில் கால் வைக்குமுன் எட்டுப் பேர்தான் என்ற பலகையை வாசித்து, ஆட்களையும் எண்ணிப் பார்க்கிறோம். பிள்ளையின் வாழ்க்கையைக் கொடுக்குமுன் நாலு வரிப் படிவத்தை வாசித்தால் என்ன குறைந்துவிடும்?