எண்பதில் வந்த ஆட்டம்

முள் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆட ஆரம்பித்தது. பாண்டுரங்கன் பயந்துபோய் பிரேக்கை மிதித்தார். அறுபதுக்குக் கீழே வந்ததும், ஒன்றுமே நடக்காதது போல வண்டி சாதுவாக ஓடியது.

"இன்னா சுமலதா இது, சாமி வந்த மாதிரி ஆடுது?"

"ரோடு சரியில்லங்க," என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

ரோடு போன மாதம் போட்டது.

செஞ்சி பஜாரில் உரக்கடை வைத்திருக்கும் பாண்டுரங்கனுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று மகள் ஜெயஸ்ரீ. மற்றது, இதுவரை எந்தத் திண்டிவனம் பஸ்ஸும் அவர் காரை முந்தியதில்லை என்பது. மகளைத் திண்டிவனத்தில்தான் கொடுத்திருந்தார். இப்போது மாசமாக இருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். சம்பந்தியம்மா சுந்தராம்பாளோ, "பிரசவம் இங்கியே ஆவட்டுமே" என்று சாக்குத் தேடிக்கொண்டிருந்தாள். ஆடுகிற வண்டியைப் பார்த்தால் விடுவாளா?

தெருமுனை மெக்கானிக் சர்ஃபராஸ் டயரைத் தட்டிப் பார்த்தான். "காத்து கொறச்சல்ணே."

காற்று ஏறியது. ஆட்டமும் ஏறியது.

"அப்ப அலைன்மெண்டா இருக்கும்."

அதையும் சரி பார்த்தார்கள். எழுபத்தைந்திலேயே ஆடியது.

"முன்வீல பின்னால போட்டுப் பாப்பம்ணே. ஆட்டம் சீட்டுக்கு எறங்குச்சுன்னா வீலுதான்."

சீட்டுக்கு இறங்கியது. ஆனால் ஸ்டியரிங்கையும் விடவில்லை. இப்போது கையோடு இடுப்பும் சேர்ந்து ஆடியது.

"நாலு டயரும் புதுசா மாத்திடு!"

"ஐயோ, அவசரப்படாதீங்கண்ணே!" என்று சர்ஃபராஸ் பதறினான். இப்படி வந்த வியாபாரத்தை விரட்டும் மெக்கானிக்கை பாண்டுரங்கன் பார்த்ததே இல்லை. நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டார்.

வளைகாப்புக்கு முதல் நாள், யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனார். அங்கே சக்கரங்களைக் கழற்றி மிஷினில் சுற்றிவிட்டு, உள்விளிம்பில் சின்னச் சின்ன எடைத் துண்டுகளை ஒட்டினார்கள். "வீல் பேலன்ஸே இல்ல சார். வெயிட் ஒண்ணுகூட இல்ல. அதான் ஆடுது."

திரும்பும்போது நூறில் பறந்தார். ஸ்டியரிங் அசையவில்லை. வாசலில் இறங்கும்போதே, "சரியாயிடுச்சு! நூறுல வந்தேன்!" என்று கத்தினார்.

"நூறுலயா?" என்றாள் சுமலதா. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு, "வண்டியெல்லாம் ஒரே புழுதி. சம்பந்தி வீட்டுக்குப் போற வண்டி. சர்ஃபராஸ்கிட்ட குடுத்துக் கழுவிட்டு வரச் சொல்றேன்," என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை, சீர்வரிசையோடு கிளம்பி ஊரைத் தாண்டியதுமே ஸ்டியரிங் ஆடியது. அறுபதிலேயே. பாண்டுரங்கனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அம்பதுலயே போங்க. ஆடாதுல்ல?" என்றாள் சுமலதா.

வளைகாப்பு முடிந்தது. பாண்டுரங்கன் பயந்தது போலவே சுந்தராம்பாள் காரின் முன்கதவைத் திறந்தாள். "நான் கொஞ்ச தூரம் வந்து பாக்கறேன் சம்பந்தி. அப்பறம்தான் எம் மருமவள அனுப்புவேன்."

அவர் ஐம்பதைத் தாண்டவில்லை. பஸ் ஹாரன் அடித்து முந்தியது. மினி லாரி முந்தியது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கூட முந்தப் பார்த்தது. பாண்டுரங்கன் பல்லைக் கடித்துக்கொண்டார். ஸ்டியரிங் ஆடாமல் இருந்தால் போதும், மானம் போனால் போகட்டும்.

"நிறுத்துங்க," என்றாள் சுந்தராம்பாள்.

ஆட்டம் தெரிந்துவிட்டதோ என்ற பயத்தோடு அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"நீங்க தலதெறிக்க ஓட்டுவீங்கன்னு ஊரே சொல்லிச்சு. அதுக்குத்தான் சம்பந்தி பயந்தேன். இப்டி ஓட்டுனா தாராளமா கூட்டிப் போங்க."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சம்பந்தியம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, மகளை ஏற்றிக்கொண்டு செஞ்சிவரை ஐம்பதிலேயே ஓட்டினார். பின்சீட்டில் அம்மாவின் தோளில் சாய்ந்து ஜெயஸ்ரீ நிம்மதியாகத் தூங்கினாள்.

"வந்துட்டமா நைனா? ஒரு குலுக்கல்கூட தெரியல," என்று கண் விழித்த மகளைப் பார்த்து மனம் நிறைந்து சிரித்தார். ஆரத்தி எடுத்ததும் மகளைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனார்.

அவர் தலை மறைந்ததும், வாசலில் நின்றிருந்த சர்ஃபராஸ் சுமலதாவிடம் மெல்லக் கேட்டான்: "அக்கா, நீங்க கழட்டச் சொன்ன வீல் வெயிட்டெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்குது. ஜெயஸ்ரீ பாப்பாதான் வீடு வந்துடுச்சே, திரும்ப ஒட்டிடட்டுமா, இல்ல கொழந்த பொறக்கறவரைக்கும் ஆடட்டுமா?"