தட்டுவடைக்காக ஒதுங்கிய நீதிபதி

எங்கள் ஊர் கோர்ட்டுக்கு வந்துபோன நீதிபதிகளிலேயே, கத்தரிக்காய் வாங்கக்கூட விசாரணை நடத்தியவர் அவர் ஒருவர்தான். பேர் யாருக்கும் ஞாபகமில்லை. 'கேஸிருக்கா ஐயா' என்றால் ஓமலூர் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

சந்தையில் தராசில் காய் ஏறும் முன்பே கேட்பார்: "உங்களுக்கு நம்ம கோர்ட்ல கேஸ் ஏதாவது இருக்கா?" வரப்பு, வண்டித்தடம், கிணற்றுப் பங்கு என்று வீட்டுக்கு ஒரு கேஸ் இருக்கிற ஊர் இது. பாதி நாள் வெறும் பையோடுதான் திரும்புவார். ஒருமுறை முடிவெட்டிக்கொண்டிருந்தபோது, தன்மேல் மச்சான் பாகப்பிரிவினைக் கேஸ் போட்டிருப்பதைக் கடைக்காரர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். ஐயா பாதித் தலையோடு எழுந்து, முழுத் தலைக்கும் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் கோர்ட்டில் வக்கீல் வாதத்தை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஐயாவின் இடது காதோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவர் மனம்விட்டுச் சாப்பிட்ட ஒரே இடம், கோர்ட்டுக்கு எதிரே இருந்த என் தட்டுவடை செட் கடை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குக் கோர்ட் என்றாலே பயம். அதனால் கேஸ் எதுவும் கிடையாது. தினமும் சாயங்காலம் வருவார். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் பீட்ரூட், கேரட் துருவலும் வைத்து ஒரு செட்டாகக் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார்.

பிறகு பக்கத்துக் கட்டடத்துக்காரரான போர்வெல் லாரி முதலாளி, என் கடை நிற்கும் இடம் தன்னுடையது என்று கேஸ் போட்டார். கடை போனால் எங்களுக்குச் சோறு இல்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. கேஸ் ஐயாவிடமே போயிருக்கிறது என்று தெரிந்ததும் என் மனைவி மட்டும் தெம்பாகிவிட்டாள். "அந்தய்யா வாயில நம்ம செட்டுதான் மணக்குது, சும்மா இருங்க" என்றாள். எனக்கு அதுவும் பயமாகத்தான் இருந்தது.

முதல் வாய்தாவிலேயே ஐயா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: தான் தினமும் இந்தக் கடையில் சாப்பிடுகிறவர், காசு கொடுத்துத்தான், ஆனாலும் இந்த வழக்கைத் தான் விசாரிக்கக்கூடாது என்று. லாரி முதலாளியே எழுந்து கும்பிட்டார்.

"பரவாயில்லைங்கய்யா, நீங்களே பாருங்க. உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்குதுங்க."

"எனக்கு என் மேல இல்லைங்க" என்றார் ஐயா. "இந்தக் கடை போயிட்டா சாயங்காலம் எங்க போறதுன்னு நேத்து யோசிச்சேன். அப்படி யோசிச்சவன் இதுல தீர்ப்பு சொல்லக்கூடாது."

மேல் கோர்ட்டுக்கு எழுதி, கேஸை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் செய்தார். அதோடு கடைப்பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டார். தான் இங்கே நிற்பதைப் பார்த்தால் இப்போது கேஸை விசாரிக்கிற நீதிபதி என்ன நினைப்பார் என்று கோர்ட் டவாலியிடம் கேட்டாராம். கேஸ் முடியும் முன்பே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

இடம் என்னுடையதுதான் என்று தீர்ப்பு வந்தது. அன்று மாலை லாரி முதலாளி நேராகக் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் ஒரு செட் வாங்கி, மென்றுகொண்டே சொன்னார்.

"அந்தய்யா தீர்ப்பு சொல்லியிருந்தா, செட்டுக் குடுத்து ஜெயிச்சுட்டான்னு ஊரெல்லாம் சொல்லீருப்பேன் சாமி. அதுக்கும் வழியில்லாமப் பண்ணீட்டுப் போயிட்டாரு."

ஐயா இப்போது தெற்கே எங்கோ இருக்கிறாராம். சாயங்காலம் ஆனால், அந்த ஊரில் அவர் என்ன சாப்பிடுகிறாரோ என்று எனக்குக் கவலையாகிவிடுகிறது.